‘இந்த வரி யாருடையது?’ – ஆய்வேடு எழுதுபவர்களைக் காப்பாற்றும் சின்ன அட்டை!

ரிப்போர்ட் பிடிஎஃப்பைத் திறந்தபோது இரவு 11 மணி. முதல் பக்கத்தில் பெரிதாக ஒரு எண்: 34%. அதற்குக் கீழே என் ஆய்வேடு, சிவப்பு, பச்சை, ஊதா என்று ஹோலி கொண்டாடிய சட்டை மாதிரி.

நான் காப்பி அடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுநிலை இதழியல் படித்தபோது, 1964 தனுஷ்கோடி புயலை அன்றைய பத்திரிகைகள் எப்படி எழுதின என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. நாலு மாதம் நிஜமாகவே படித்தேன். படித்ததையெல்லாம் ஒரே ஒரு கூகுள் டாக்கில் போட்டுக்கொண்டே வந்தேன். புத்தகத்திலிருந்து டைப் அடித்தது, இணையத்தில் காப்பி-பேஸ்ட் செய்தது, வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்டது, நடுநடுவே பஸ்ஸில் தோன்றிய என் சொந்த யோசனை. எல்லாம் ஒரே ஃபான்ட், ஒரே சைஸ். 61 பக்கம் ஆனது. எழுத உட்கார்ந்தபோது அந்த 61 பக்கத்திலிருந்து வெட்டி, ஒட்டி, இழைத்து, பூசி ஆய்வேடு ஆக்கினேன்.

மறுநாள் கைடு கேட்டது ஒரே கேள்விதான். “ஏம்மா, 22-ஆம் பக்கம் ரெண்டாவது பத்தி... இது உன் வரியா, வேற யாரோடதாவதா?”

“தெரியல சார்.”

அதுதான் உண்மை. எனக்கே தெரியவில்லை. நல்லவேளையாக அது முறையான சமர்ப்பிப்புக்கு முந்தைய சோதனை ஓட்டம். அவர் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அட்டையை எடுத்து முன்னால் வைத்தார். அவருடைய பிஎச்.டி காலத்து அட்டைகள். மங்கிய நீல மை. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு தலைப்பு, மூலையில் ஒரு எண், கீழே நாலைந்து வரி, ஒரு பக்க எண். “எந்த அட்டையை வேணாலும் உருவு. யாரோட வார்த்தைன்னு சொல்றேன்” என்றார். உருவினேன். சொன்னார்.

இந்தக் கட்டுரை அந்த அட்டைகளைப் பற்றித்தான். ஆய்வேடு எழுதுபவர்கள், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பிஎச்.டி செய்பவர்கள், ஆபீஸில் நீளமான ரிப்போர்ட் எழுத வேண்டியவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

தப்பு எங்கே நடக்கிறது?

கருத்துத் திருட்டு என்றதும் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக இன்னொருவர் புத்தகத்தைத் திறந்துவைத்து டைப் அடிப்பதுபோல நினைக்கிறோம். அப்படியும் நடக்கிறது. ஆனால் படித்து, உழைத்து எழுதும் மாணவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்: குறிப்பு எடுக்கும்போது. மேற்கோள் குறி போடாமல் ஒரு வரியை எழுதிவைக்கிறோம். ‘இது நமக்குத் தெரியாதா என்ன’ என்ற நம்பிக்கைதான். மூன்று மாதம் கழித்து அதே வரியைப் பார்க்கும்போது, ‘அட, நல்லாத்தான் எழுதியிருக்கோம்’ என்று தோன்றுகிறது.

இது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின், அமெரிக்காவின் மிகப் பிரபலமான வரலாற்று எழுத்தாளர்களில் ஒருவர், 1995-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். கென்னடி குடும்பத்தைப் பற்றி 1987-ல் அவர் எழுதிய புத்தகத்தில், லின் மெக்டாகார்ட் என்ற இன்னொரு எழுத்தாளரின் வரிகள் மேற்கோள் குறி இல்லாமல் இருந்தது 2002 ஜனவரியில் வெளியே வந்தது. குட்வின் கொடுத்த விளக்கத்தைக் கேட்டால் நமக்குப் பகீர் என்கிறது. கையால் எழுதிய குறிப்புகளில் எது மெக்டாகார்டின் வாசகம், எது தன் சொந்தச் சுருக்கம் என்பது பின்னாளில் கலந்துவிட்டது என்றார். ஏறக்குறைய 900 பக்கம், 3,500 அடிக்குறிப்பு உள்ள புத்தகம் அது. மெக்டாகார்டின் பெயரும் அந்த அடிக்குறிப்புகளில் இருந்தது. ஆனாலும் தப்பவில்லை. ஏனென்றால், கருத்து எங்கிருந்து வந்தது என்று சொல்வது வேறு, வார்த்தை யாருடையது என்று சொல்வது வேறு. இரண்டாவதை அடிக்குறிப்பு மட்டும் செய்யாது. மேற்கோள் குறிதான் செய்யும்.

நம் ஊரில் இதற்கு விதியே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வேட்டில் ஒற்றுமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40% என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40 முதல் 60% என்றால் ஒரு வருடத்துக்குக் கொடுக்கவே முடியாது. 60%-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அசைன்மென்ட், டேர்ம் பேப்பர், பிராஜெக்ட் ரிப்போர்ட் இந்த விதிக்குள் வராது. முதுநிலை, ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஆய்வேடு வரும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: உரிய முறையில் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆக, குறிப்பு எடுத்த அன்றைக்குப் போடாமல் விட்ட ஒரு ஜோடி மேற்கோள் குறிதான் 34%-க்கும் 10%-க்கும் நடுவில் நிற்கிறது.

பிஎச்.டி ஆய்வேடு என்றால் கூடுதலாக ஒன்று. அது ‘ஷோத்கங்கா’ இணையதளத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அங்கேயே இருக்கும். பத்து வருடம் கழித்து, நீங்கள் துறைத்தலைவராக இருக்கும்போதும்.

சரி, அட்டையில் என்ன எழுத வேண்டும்?

இரண்டு வகை அட்டை போதும்.

முதலாவது மூல அட்டை. ஒரு புத்தகத்துக்கு ஒன்று, ஒரு கட்டுரைக்கு ஒன்று. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு. எந்த நூலகத்தில் பார்த்தீர்கள், அங்கே அதன் அடுக்கு எண் என்ன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி போக வேண்டிவரும், கண்டிப்பாக வரும். மூலையில் ஒரு வரிசை எண் கொடுங்கள்: 1, 2, 3. புத்தகத்தைத் திறக்கும் முன் இந்த அட்டையை எழுதிவிட வேண்டும். ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்று விட்ட மூலங்கள்தான் கடைசி ராத்திரியில் நம்மைத் தேட வைக்கும்.

இரண்டாவது குறிப்பு அட்டை. இதற்கு ஒரே சட்டம்: ஒரு அட்டைக்கு ஒரு விஷயம். இடது மேல் மூலையில் அந்த விஷயத்துக்கு இரண்டு மூன்று வார்த்தையில் தலைப்பு. வலது மேல் மூலையில் மூல அட்டையின் எண். நடுவில் குறிப்பு. கீழே பக்க எண். பின்பக்கம் எழுதக் கூடாது. பின்னால் எழுதியதைப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

இதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும், என் கைடு சொல்லிக்கொடுத்தது. பக்க எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து. ‘மே’ என்றால் மேற்கோள், வார்த்தை மாறாமல் அப்படியே. ‘சு’ என்றால் சுருக்கம், கருத்து அவருடையது, வார்த்தை என்னுடையது. ‘நா’ என்றால் நான், இது முழுக்க என் யோசனை. இந்த மூன்றில் ஒன்றைப் போடாமல் அட்டையைக் கட்டில் சேர்க்கவே கூடாது.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்த ஓர் எழுத்துதான் மொத்த விஷயமும். புத்தகம் கண் முன்னால் திறந்து கிடக்கும்போது ‘இது யாருடைய வரி’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இரண்டு விநாடி வேலை. மூன்று மாதம் கழித்து அதே கேள்விக்குப் பதில் சொல்வது துப்பறியும் வேலை.

தனுஷ்கோடிக்குப் போவோம்

வெறும் முறையைச் சொன்னால் புரியாது. என் ஆய்விலிருந்தே காட்டுகிறேன்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. எத்தனை பேர் இறந்தார்கள்? அதிகம் சொல்லப்படும் எண் 115. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை போகும் என்று எழுதியவர்களும் உண்டு. என் பழைய கூகுள் டாக்கில் ஓர் இடத்தில் 115 என்று இருந்தது, இன்னோர் இடத்தில் 200 என்று இருந்தது. எது எங்கிருந்து வந்தது என்று இல்லை. அதனால் ஆய்வேட்டில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘நூற்றுக்கும் மேற்பட்டோர்’ என்று மழுப்பினேன்.

அட்டையில் இதே விஷயம் இரண்டு தனித்தனி அட்டையாக வந்து விழுந்தது. இரண்டுக்கும் தலைப்பு ‘ரயில் – இறந்தவர்கள்’. ஒன்றில் 115, மூல எண் 4, பக்க எண், ‘சு’. இன்னொன்றில் 200, மூல எண் 11, பக்க எண், ‘சு’. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் மூன்றாவதாக ஓர் அட்டை தானாக எழுத வந்தது: ‘டிக்கெட் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் இந்த இரண்டு எண்ணும் பிரிகின்றன. அதிகாரபூர்வக் கணக்கு என்பது டிக்கெட் கணக்கு.’ கீழே ‘நா’. அந்த மூன்றாவது அட்டைதான் பின்னால் என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் ஆனது. பேரிடரில் யார் எண்ணப்படுகிறார்கள், யார் எண்ணப்படுவதில்லை என்பது. 61 பக்க டாக்கில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு முரண்பாடு 14-ஆம் பக்கத்திலும் 47-ஆம் பக்கத்திலும் கிடந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் தெரியும்.

இப்போது ‘சு’ அட்டையைப் பற்றி. அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஒரு புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்காக நானே எழுதியது):

“புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது, அங்கிருந்தவர்கள் ராமேஸ்வரம் பக்கம் குடிபெயர்ந்தார்கள்.”

பழைய நான் இதைச் ‘சொந்த வார்த்தையில்’ இப்படி எழுதியிருப்பேன்: புயலைத் தொடர்ந்து தனுஷ்கோடி வசிக்க ஏற்றதல்லாத ஊர் என அரசாங்கம் பிரகடனம் செய்தது, அங்கு வசித்தவர்கள் ராமேஸ்வரம் பகுதிக்கு இடம்பெயர்ந்தனர்.

இது சுருக்கமே கிடையாது. சட்டைக்குப் பட்டன் மட்டும் மாற்றியிருக்கிறது, சட்டை அவருடையதுதான். அதே வரிசை, அதே கால்புள்ளி, வார்த்தைகள் மட்டும் வேறு. பெயர் சொல்லாமல் போட்டால் திருட்டு. பெயர் சொல்லிப் போட்டாலும், வாக்கியமும் என்னுடையதுதான் என்று வாசகரை நம்பவைக்கிறது.

அட்டைக்கு நான் இப்போது எழுதுவது இப்படி: ‘அரசு: இனி குடியிருக்க முடியாது. மக்கள் → ராமேஸ்வரம். சு.’ தந்தி மாதிரி. வாக்கியமே இல்லை. வாக்கியம் இல்லாததால் அடுத்தவர் வாக்கியம் ஒட்டிக்கொண்டு வர வழியில்லை. ஆய்வேடு எழுதும்போது இந்தத் துண்டுகளிலிருந்து வாக்கியத்தை நானேதான் கட்டியாக வேண்டும். சின்ன அட்டையில் இடம் குறைவு என்பது குறை மாதிரி தெரியும். உண்மையில் அந்த இட நெருக்கடிதான் நம்மைச் சுருக்கவைக்கிறது.

‘மே’ அட்டை இதற்கு நேர் எதிர். கால்புள்ளிகூட மாறக் கூடாது. மூலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் அப்படியே. மேற்கோளை எழுதி முடித்ததும் ஒருமுறை புத்தகத்தோடு ஒப்பிட்டு, சின்னதாக ஒரு டிக் போடுவேன். எல்லா வரியையும் ‘மே’ ஆக்கிவிட ஆசை வரும், அதைக் கட்டுப்படுத்த வேண்டும். அவர் சொன்ன விதமே முக்கியம் என்றால் மட்டும் மேற்கோள். மற்றதெல்லாம் தந்தி.

இது யார் கண்டுபிடித்தது?

பழைய பழக்கம். சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னர், 1548-லேயே குறிப்புகளை எழுதி, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய வரிசையில் மாற்றி அடுக்கும் வழியை எழுதிவைத்திருக்கிறார். தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் தன் கடைசிக் காலத்தில் இன்றைய இண்டெக்ஸ் கார்டு அளவிலான சீட்டுகளைப் பயன்படுத்தினார்.

எனக்குப் பிடித்த கதை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியுடையது. 1879-ல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே, ‘நீங்கள் படிக்கும் புத்தகங்களில் வரும் சொற்களை எழுதி அனுப்புங்கள்’ என்று பொதுமக்களைக் கேட்டார். சீட்டில் எதை எங்கே எழுத வேண்டும் என்றும் சொன்னார். இடது மேல் மூலையில் சொல். பிறகு ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். அதன்பின் அந்தச் சொல் வரும் வாக்கியம், முழுதாக. என் கைடின் கட்டில் நான் பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான். தோட்டத்தில் போட்ட இரும்புக் கொட்டகை ஒன்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தட்டுகளில் அந்தச் சீட்டுகளை மர்ரே அடுக்கினார். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன.

அட்டை முறையின் பலவீனமும் இதே கதையில் இருக்கிறது. ‘பாண்ட்மெய்ட்’ என்று ஒரு சொல், அடிமைப் பெண் என்று பொருள். அந்தச் சொல்லுக்கான சீட்டுகள் எங்கோ தொலைந்துபோயின. அகராதியின் முதல் தொகுதி அந்தச் சொல் இல்லாமலே அச்சாகிவிட்டது. 1933-ல் வந்த துணைத் தொகுதியில்தான் அது இடம்பிடித்தது. அட்டைக்கு ‘கன்ட்ரோல் செட்’ கிடையாது. அதனால்தான் நான் வாரத்துக்கு ஒருமுறை என் அட்டைகளைத் தரையில் பரப்பி, மேலிருந்து போனில் படம் எடுத்துவிடுவேன். மர்ரேவுக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

‘செட்டில்காஸ்டன்’ என்று யூடியூபில் ஒரு ஜெர்மன் சொல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீட்டுப் பெட்டி என்று அர்த்தம், அவ்வளவுதான். சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் (1927–1998) சுமார் 90,000 சீட்டுகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கிளை பிரியும் எண் கொடுத்து, ஒன்றோடொன்று இணைத்துவைத்திருந்தார். 50-க்கும் மேற்பட்ட புத்தகங்களும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளும் எழுதினார். பீலஃபெல்டு பல்கலைக்கழகம் 2011-ல் அந்தப் பெட்டிகளை வாங்கி, இப்போது இணையத்தில் ஏற்றிவருகிறது. பிரமிப்பான விஷயம்தான். ஆனால் ஆறு மாதத்தில் ஓர் ஆய்வேடு கொடுக்க வேண்டிய ஆளுக்கு லூமான் தேவையில்லை. அவர் ஏறக்குறைய 45 வருடம் சேர்த்தது அது. ‘சிஸ்டம்’ செட் பண்ணுவதிலேயே ஒரு செமஸ்டரைத் தொலைத்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

அட்டைக்காகப் பெரிய செலவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் கோடு போட்ட 3-க்கு 5 அங்குல அட்டை தமிழ் எழுத்துக்குக் கொஞ்சம் சின்னது. நம் எழுத்துகள் இடம் கேட்கும். ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஏ6 வரும். அதுவே போதும், லூமானும் கிட்டத்தட்ட அந்த அளவுச் சாதாரணத் தாளில்தான் எழுதினார். சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கொஞ்சம் தடிமனான தாள் வாங்கி, அங்கேயே வெட்டித் தரச் சொல்லலாம்.

தரையில் பரப்பும் நாள்

அட்டை எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஹால் தரைதான் ஒரே பெரிய இடம். சாப்பாடு முடிந்து எல்லோரும் டிவி பார்க்கப் போனதும் (இல்லை, டிவி ஹாலில்தான் இருக்கிறது, அதை அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டதும்) 200-க்கும் மேற்பட்ட அட்டைகளை எடுத்துப் பரப்பினேன்.

முதலில் தலைப்பு வாரியாகக் குவியல். ‘ரயில்’ குவியல் மலை மாதிரி. ‘நிவாரணம்’ பரவாயில்லை. ‘மீனவர்கள்’ குவியலில் மூன்றே அட்டை. அந்த மூன்றைப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது. நான் குறைவாகப் படித்திருக்கிறேனா, அல்லது நான் படித்த பத்திரிகைகள் அவர்களைப் பற்றிக் குறைவாக எழுதினவா? மறுபடியும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். இந்த முறை எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே போனேன்.

அடுத்து, ஒவ்வொரு குவியலிலும் எழுத்துகளை எண்ணினேன். ஒரு குவியல் முழுக்க ‘மே’ என்றால் அந்த அத்தியாயம் தோரணம்தான், பிறர் வரிகளைக் கட்டித் தொங்கவிட்டது. முழுக்க ‘நா’ என்றால் ஆதாரமே இல்லாத பேச்சு. என்னுடைய இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு ‘நா’கூட இல்லை. அதாவது 18 பக்கத்துக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை. 34%-ஐவிட இது எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு வரிசை. ஒரு குவியலை எடுத்து, இது முதலில், இது அடுத்து, இது வேண்டாம் என்று சீட்டுக்கட்டு மாதிரி அடுக்குவது. பாம்பன் பாலத்தை இ.ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீரமைத்தது பற்றி என்னிடம் ஐந்து அட்டை இருந்தது. அருமையான கதை. எனக்கு ரொம்பப் பிடித்த அட்டைகளும்கூட. ஆனால் என் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெளியே வைத்தேன். கணினியில் அந்த ஐந்து பத்தியை அழிக்க எனக்கு மனசு வந்திருக்காது. அட்டையை அழிக்க வேண்டியதில்லை. வேறு டப்பாவில் போட்டால் போதும்.

நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ் கதைகளையே இப்படி அட்டையில் எழுதி, வரிசை மாற்றி மாற்றிப் பார்ப்பாராம். அவர் முடிக்காமல் விட்ட கடைசி நாவல் 138 அட்டைகளாக இருந்தது. 2009-ல் அந்த அட்டைகளை அப்படியே படம்பிடித்துப் புத்தகமாகப் போட்டார்கள்.

போனிலேயே செய்யக் கூடாதா?

செய்யலாம். தாராளமாக. இதைப் படிப்பதே நீங்கள் போனில்தானே.

‘கையால் எழுதினால் மூளையில் நன்றாகப் பதியும்’ என்று ஒரு வாதம் உண்டு. 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு எப்போதும் காட்டப்படும். லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை பதிவு செய்தார்கள். கருத்தைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அது. ஆனால் பிறகு 2019-லும் 2021-லும் மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது மதிப்பெண் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. டைப் அடிப்பவர்கள் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறார்கள் என்ற பகுதி மட்டும் நின்றது. நமக்கு வேண்டியதும் அந்தப் பகுதிதான். டைப் அடிக்கும்போதே இப்படி என்றால், காப்பி-பேஸ்ட்டில் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஆப் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அட்டையின் சட்டத்தை அங்கேயும் கொண்டுபோங்கள். ஒரு குறிப்புக்கு ஒரு விஷயம். மூல எண், பக்க எண், மே-சு-நா. மூல அட்டைகளுக்கு இலவச மென்பொருள் ஸோட்டேரோ நன்றாகவே வேலை செய்கிறது; நூல் பட்டியலைக் கையால் எழுதும் தலைவலி போய்விடும். நான் இப்போது செய்வது கலவைதான்: மூலம் ஸோட்டேரோவில், குறிப்பு காகிதத்தில். ஆவண நூலகங்கள் பலவற்றில் போன் கேமராவுக்கு அனுமதி கிடையாது, அல்லது பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். சில இடங்களில் பேனாவுக்கே தடை, பென்சில்தான். அங்கெல்லாம் அட்டைக்கு முன் எந்த ஆப்பும் நிற்காது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது குறிப்பெடுப்பது ஆகாது. இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ, ஆய்வேடு எழுதுவது எப்படி என்று 1977-ல் ஒரு புத்தகமே போட்டார். அட்டைகளைப் பற்றி அதில் விரிவாகப் பேசுகிறார். ஜெராக்ஸ் எடுத்ததையே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் மாணவர்களை அப்போதே எச்சரித்திருக்கிறார். ஜெராக்ஸுக்குப் பதில் நம் போன் கேலரி. என்னுடையதில் இன்னும் 400 பக்கம் படிக்காமல் இருக்கிறது.

ஏஐ-யிடம் ‘இந்தப் பிடிஎஃப்பைச் சுருக்கிக் கொடு’ என்று கேட்கலாமா? கேட்கலாம், அது படிக்க வேண்டிய கட்டுரையா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள. ஆனால் அந்தச் சுருக்கத்தை அட்டையில் எழுதப் போகும்போது, கீழே எந்த எழுத்தைப் போடுவீர்கள்? ‘மே’ இல்லை, ஆசிரியரின் வார்த்தை அங்கே இல்லை. ‘சு’ இல்லை, சுருக்கியது நீங்கள் இல்லை. ‘நா’ நிச்சயமாக இல்லை. பக்க எண்ணும் நீங்கள் திறந்து பார்த்ததில்லை. மூன்றில் எதையும் போட முடியாத அட்டை, கட்டில் சேரக் கூடாத அட்டை.

நேரம் ஆகாதா?

ஆகும். பொய் சொல்லப்போவதில்லை. ஒரு புத்தகத்தை ஹைலைட்டரோடு படிக்க ஒரு நாள் என்றால், அட்டையோடு படிக்க இரண்டு நாள். ஐந்து பக்க அசைன்மென்ட்டுக்கு இதெல்லாம் அதிகப்படி. ஒரு நோட்டும் கொஞ்சம் ஒழுங்கும் போதும். இருபது மூலத்துக்கு மேல் போகிறது, எழுதி முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் அட்டைக்கு வாருங்கள்.

நேரம் திரும்பக் கிடைப்பது எழுதும்போது. 61 பக்க டாக்கிலிருந்து முதல் வரைவு எழுத எனக்கு ஐந்து வாரம் ஆனது. அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு மொத்தத்தையும் புதிதாக எழுதப் பதினாறு நாள்.

இரண்டாவது ரிப்போர்ட் 6% காட்டியது. அந்த ஆறும் என்ன என்று போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் பத்திரிகைப் பெயர்கள், அலுவலகப் பெயர்கள், தேதிகள்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்து, “இந்த 115-ங்கிறது எங்கேர்ந்து வந்தது? 200-னு நான் படிச்சிருக்கேனே” என்றார். மைசூர்பா டப்பாவைத் திறந்து இரண்டு அட்டையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தார், மூலையில் இருந்த எண்ணைப் பார்த்து நூல் பட்டியலைப் புரட்டினார், பிறகு அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் காலி.

“டப்பாவை இப்படித் தள்ளும்மா” என்றார். அடுத்த இருபது நிமிடம் அவர் கேள்வி கேட்கவில்லை, அட்டைதான் படித்துக்கொண்டிருந்தார்.